பத்துக்கு எத்தனை? இண்டி ராக் ஆல்பங்களும் முதல் வாரத் தீர்ப்புகளும்

1996 செப்டம்பரில் வீஸர் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘பிங்கர்டன்’ வெளிவந்தபோது, அமெரிக்க ராக் ரசிகர்கள் எதிர்பார்த்திருந்தது வேறொன்றை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் ஆல்பம் பெரிய அளவில் விற்றிருந்தது. மெருகேற்றிய கிதார், ஒருமுறை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, மூக்குக்கண்ணாடிப் பையன்களின் கூச்சம் என்று அதற்கு ஒரு முகம் இருந்தது. பாடகர் ரிவர்ஸ் குவோமோ புதிய ஆல்பத்தில் அந்த மெருகை வேண்டுமென்றே உரித்துப்போட்டார். வெளித் தயாரிப்பாளர் யாரும் இல்லை; குழுவே பதிவு செய்தது. டிரம்ஸ் ஒரு சின்ன அறைக்குள் இடிப்பதுபோல் இடிக்கிறது, கிதார் கரகரக்கிறது, குரல் சில இடங்களில் சுருதியை விட்டு நழுவுகிறது. பாட்டெல்லாம் தனிமையும் காமமும் வெட்கமும்.

ரோலிங் ஸ்டோன் இதழின் வாசகர்கள் அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்கள் வரிசையில் அதற்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள். அதே இதழ் 2004இல் அதே ஆல்பத்துக்கு முழு ஐந்து நட்சத்திரம் போட்டது. 2010இல் விரிவாக்கிய பதிப்பு வந்தபோது பிட்ச்ஃபோர்க் இதழ் 10க்கு 10 கொடுத்தது.

பாட்டில் ஒரு நொடிகூட மாறவில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்த ஆல்பத்தைப் பதின்பருவத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் கிதாரைக் கையில் எடுத்திருந்தார்கள்; ‘எமோ’ என்ற பெயரில் ஒரு தலைமுறைக் குழுக்கள் அந்தக் கரகரப்பையும் அந்தரங்கத்தையும் தங்கள் இலக்கணமாக்கிக்கொண்டன. விமர்சகர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். ஆனால் அந்த இடைவெளிக்கு விலை கொடுத்தவர் குவோமோ. ஒரு கட்டத்தில் அவர் வீட்டுச் சுவர்களுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, ஜன்னல்களை மூடிக்கொண்டு வாழ்ந்தார். 2001இல் கொடுத்த பேட்டிகளில் அந்த ஆல்பத்தைத் தானே பழித்தார். அந்த ஆண்டு வீஸர் வெளியிட்ட மூன்றாவது ஆல்பம் முதலாவதைப் போலவே பளபளப்பாக இருந்தது. முதல் தீர்ப்பு பிற்பாடு திருத்தப்பட்டுவிட்டது என்பது ரசிகர்களுக்கு ஆறுதல். அந்தத் தீர்ப்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் அடுத்து என்ன எழுதியிருப்பார் என்ற கேள்விக்குத் திருத்தம் ஏதும் கிடையாது.

ஒரு புதிய ஆல்பம் வந்த வாரத்திலேயே அதன் மேல் விழும் மதிப்பெண்ணுக்கு எவ்வளவு பலம், எவ்வளவு ஆயுள்? முப்பது ஆண்டு இண்டி ராக் வரலாற்றைப் புரட்டினால் இதற்குப் பதில் சொல்லப் போதுமான வழக்குகள் கிடைக்கின்றன.

சிறு சுயாதீன நிறுவனங்களை நம்பி இயங்கும் இண்டி உலகத்தில் விமர்சனத்துக்கு மற்ற இடங்களைவிடக் கனம் அதிகம். காரணம் பணம். பெரிய நிறுவனத்தின் ஆல்பத்துக்கு வானொலி, தொலைக்காட்சி, விளம்பரப் பலகை எல்லாம் இருந்தன. வட கரோலினாவின் மெர்ஜ், நியூயார்க்கின் மேட்டடோர், சிகாகோவின் டச் அண்ட் கோ போன்ற சிறு நிறுவனங்களுக்கு இருந்தவை கல்லூரி வானொலி, இசைத்தட்டுக் கடைக்காரரின் வாய்மொழி, பத்திரிகை விமர்சனம் ஆகிய மூன்றுதான். சில ஆயிரம் பிரதி விற்றால் போட்ட முதல் திரும்பிவிடும் என்ற கணக்கில் வரும் ஆல்பத்துக்கு ஒரு விமர்சகரின் முந்நூறு சொற்களே விளம்பரம். ஸ்லின்ட் குழு ‘ஸ்பைடர்லேண்ட்’ ஆல்பத்தை 1991இல் வெளியிடுவதற்குள் கலைந்தே போய்விட்டது. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி பிரிட்டனின் மெலடி மேக்கர் இதழில் அதற்குப் பத்து நட்சத்திரம் கொடுத்து எழுதினார். வழக்கமான அளவுகோலை ஒருவர் இப்படி உடைத்து எழுதியதும் அந்த ஆல்பத்தின் பெயர் கைமாறிக் கைமாறிப் பரவ ஒரு காரணம். மேடையேறிப் பாட ஆளில்லாத நிலையில் விமர்சனம் மட்டுமே அதைச் சுமந்தது.

இந்தக் கனத்தை எண்ணாக மாற்றியது பிட்ச்ஃபோர்க். ரயன் ஷ்ரைபர் 1990களின் நடுவில் மினியாபோலிஸில் தொடங்கி, பிறகு சிகாகோவுக்குக் கொண்டுபோன இணைய இதழ் அது. 0.0 முதல் 10.0 வரை தசமப் புள்ளியோடு மதிப்பெண் போடுவது அதன் வழக்கம். 7.8க்கும் 7.9க்கும் காதில் என்ன வித்தியாசம் என்று எந்த விமர்சகராலும் விளக்க முடியாது. ஆனாலும் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருந்தால் அளந்து சொன்னதுபோல ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

2004 செப்டம்பரில் அந்த எண்ணின் இரண்டு முகங்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தெரிந்தன. மான்ட்ரியலின் ஆர்கேட் ஃபயர் குழு மெர்ஜ் வழியாக ‘ஃப்யூனரல்’ (இறுதிச் சடங்கு) ஆல்பத்தை வெளியிட்டது. குழுவினரின் உறவினர்கள் அடுத்தடுத்து இறந்த துக்கத்தில் அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். பிட்ச்ஃபோர்க் 9.7 கொடுத்தது. அதுவரை ஊருக்கு வெளியே அதிகம் பேர் அறியாத குழுவின் ஆல்பம், மெர்ஜ் வரலாற்றிலேயே பில்போர்டு 200 பட்டியலில் ஏறிய முதல் ஆல்பமானது. 2011இல் அதே குழு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது.

அதே 2004இல் டிராவிஸ் மாரிசன் தன் முதல் தனி ஆல்பமான ‘டிராவிஸ்டான்’ உடன் வந்தார். அவர் முன்பு பாடிய டிஸ்மெம்பர்மென்ட் பிளான் குழுவின் ஆல்பம் ஒன்றுக்கு இதே இதழ் 9.6 கொடுத்திருந்தது. இப்போது 0.0. மோசமான விமர்சனம் வந்தால் ஆல்பம் கொஞ்சம் குறைவாக விற்கும். அது எல்லாக் காலத்திலும் நடப்பதுதான். இங்கே நடந்தது வேறு. கல்லூரி வானொலிகள் அந்தத் தட்டைச் சுழலவிடவே தயங்கின, முன்பு அவரைக் கொண்டாடிய கடைகள் வாங்கி வைக்கத் தயங்கின. பூஜ்யம் என்பது ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்லவில்லை. ‘இதைக் கேட்கவே வேண்டாம்’ என்று சொல்லிவிட்டது. ‘டிராவிஸ்டான்’ சீரற்ற ஆல்பம்தான். சில பாட்டுகள் ஒரு வேடிக்கைக்கு மேல் எழவே இல்லை. ஆனாலும் அதில் பூஜ்யத்துக்குரிய எதுவும் இல்லை. திறமையான ஒருவரின் தடுமாற்றத்தை விவரிக்கச் சொற்கள் தேவை. எண் அந்தப் பொறுமையைப் பறித்துக்கொண்டது.

விமர்சகர்கள் ஒருவரோடொருவர் அடியோடு முரண்பட்ட வழக்கு ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். ரேடியோஹெட் பெரிய நிறுவனத்தில் இருந்த குழு. ஆனாலும் இண்டி விமர்சன மரபே அதன் முதன்மையான நீதிமன்றமாக இருந்தது. 1997இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தால் உலகத்தின் மிக முக்கியமான கிதார் குழு என்று பெயர் வாங்கிய அவர்கள், 2000 அக்டோபரில் ‘கிட் ஏ’ ஆல்பத்தில் கிதாரைப் பெரும்பாலும் ஓரமாக வைத்துவிட்டார்கள். முதல் பாட்டு சிந்தசைசரில் ஒரு சில ஸ்வரக்கட்டுகளோடு சுற்றிச் சுற்றி வருகிறது. தாம் யார்க்கின் குரலைத் துண்டு துண்டாக நறுக்கி, பின்னோக்கி ஓட்டி, அதையே ஒரு வாத்தியமாக்கி அந்தச் சுழற்சிக்குள் தூவியிருக்கிறார்கள். டிரம்ஸ் அடிப்பவர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தனிப்பாட்டு வெளியீடு இல்லை, வழக்கமான வீடியோவும் இல்லை.

மெலடி மேக்கரில் மார்க் போமன்ட் ஐந்துக்கு ஒன்றரை போட்டார். பிட்ச்ஃபோர்க்கில் பிரென்ட் டிக்ரெசென்ஸோ 10.0 கொடுத்து, உணர்ச்சிப் பெருக்கில் ஒரு விமர்சனம் எழுதினார். அந்த இதழின் பெயரைப் பரவலாகப் பேசவைத்த எழுத்து அது. நியூயார்க்கர் இதழில் நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி வேறொரு கோணத்திலிருந்து குறைப்பட்டுக்கொண்டார். வேலை, குடும்பம் என்று நாள் ஓடும் ஒருவருக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வரும், பதினாறு வயதில் இருப்பவருக்குத்தான் இது சரிப்படும் என்பது அவர் கட்சி.

மூவரில் சரியாகக் கணித்தவர் யார் என்பதைக் காலம் சொல்லிவிட்டது என்று எழுதிவிடுவது எளிது. 2009 வாக்கில் ரோலிங் ஸ்டோன், பிட்ச்ஃபோர்க் இரண்டுமே ‘கிட் ஏ’யை அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பம் என்று அறிவித்தன. ஆனால் விமர்சனமாக எடுத்துக்கொண்டால் ஹார்ன்பியின் கட்டுரைதான் இன்றும் பயன்படுகிறது. ஆல்பத்தைக் குறைத்து மதிப்பிட்டார் என்பது உண்மை. ஆனால் அது கேட்பவரிடமிருந்து என்ன கேட்கிறது என்பதைத் துல்லியமாகச் சொன்னார்: நேரம், திரும்பத் திரும்பக் கேட்கும் பிடிவாதம், உடனடி மகிழ்ச்சியைத் தள்ளிப்போடும் மனம். அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் கொடுத்தார்கள். போமன்ட்டையும் மதிக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து உலகமே ஒருபக்கம் சாய்ந்த பிறகும், தன் கருத்தில் பெரிய மாற்றமில்லை என்றே அவர் எழுதினார். ஊரோடு ஒத்துப்போகத் தன் காதை மாற்றிக்கொள்ளாத விமர்சகர்கள் மிகக் குறைவு.

ஒரே ஆல்பத்தின் மேல் மூன்று வெவ்வேறு தரப்புகள் தீர்ப்பு சொன்ன கதை சிகாகோவின் வில்கோ குழுவுடையது. ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பத்தை 2001இல் முடித்துக் கொடுத்தபோது ரீப்ரைஸ் நிறுவனம் அதை விரும்பவில்லை. மாற்றச் சொன்னது, குழுவின் பாடகர் ஜெஃப் ட்வீடி மறுத்தார். நாட்டுப்புறச் சாயல் கொண்ட எளிய பாட்டுகள்தான், ஆனால் அவற்றின் மேல் வானொலி இரைச்சலும் தாளம் தப்பிய மணியோசைகளும் படர்ந்திருந்தன. சிற்றலை வானொலியில் ஒரு பெண் குரல் உணர்ச்சியே இல்லாமல் சங்கேதச் சொற்களைத் திரும்பத் திரும்ப உச்சரிக்கும் பதிவு ஒன்று ஆல்பத்துக்குள் ஒலிக்கிறது. தலைப்பே அதிலிருந்து வந்தது. குழு நிறுவனத்தை விட்டு வெளியேறியது. செப்டம்பர் 18 அன்று தங்கள் இணையதளத்தில் ஆல்பம் முழுவதையும் இலவசமாகக் கேட்க வைத்தார்கள். ரசிகர்கள் குவிந்தார்கள். கடைசியில் நான்சச் நிறுவனம் அதை வாங்கி 2002 ஏப்ரலில் வெளியிட்டது. ரீப்ரைஸும் நான்சச்சும் ஒரே டைம் வார்னர் பெருநிறுவனத்தின் பிள்ளைகள். வேண்டாம் என்று தள்ளிய ஆல்பத்துக்கு அந்தப் பெருநிறுவனம் இரண்டாம் முறையும் பணம் கொடுத்தது.

பில்போர்டில் அது 13ஆம் இடத்தில் நுழைந்தது. பிட்ச்ஃபோர்க் 10.0 கொடுத்தது. வில்லேஜ் வாய்ஸ் இதழ் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான விமர்சகர்களிடம் வாக்கு வாங்கி நடத்திய ‘பாஸ் அண்ட் ஜாப்’ தேர்விலும் 2002க்கான முதலிடம் அதற்கே. இதில் கவனிக்க வேண்டியது வரிசை. நிறுவனம் முதலில் தோற்றது, கேட்பவர்கள் அடுத்து ஏற்றுக்கொண்டார்கள், விமர்சகர்கள் கடைசியாக முத்திரை குத்தினார்கள். ஏழு மாதம் பாட்டு மக்களின் காதில் புழங்கிய பிறகு விமர்சனம் எழுதியவர்களுக்கு, அவசரம் இல்லாமல் கேட்கும் வாய்ப்பு வாய்த்தது. பொதுவாக ஒரு விமர்சகருக்கு ஆல்பம் கையில் கிடைத்து, எழுதிக் கொடுக்கும் வரை உள்ள நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதே வில்கோ 2007இல் அமைதியான, மென்மையான ‘ஸ்கை ப்ளூ ஸ்கை’யோடு வந்தபோது பிட்ச்ஃபோர்க் 5.2 கொடுத்தது. ‘டாட் ராக்’, அதாவது அப்பாக்களுக்கான ராக், என்று ராப் மிட்சம் அந்த விமர்சனத்தில் பயன்படுத்திய முத்திரை எங்கும் பரவியது. நடுவயது ஆண்கள் விரும்பும் எந்த இசையையும் ஒதுக்க அது கைப்பழக்கமானது. 2019இல் எஸ்குயர் இதழில் மிட்சமே அந்தச் சொல்லுக்காக வருந்தி எழுதினார். முந்தைய ஆல்பங்களின் பரபரப்பு இல்லை என்பது 2007இல் குறையாகக் கேட்டது. ஆனால் அந்த ஆல்பத்தில் நெல்ஸ் க்ளைன் வாசிக்கும் நீண்ட கிதார்த் தனி ஆவர்த்தனங்களை இன்று எதிர்பார்ப்பு ஏதுமின்றிக் கேட்டால், பரபரப்பைத் தேடியவர்களுக்கு எது தப்பிப்போனது என்று புரியும்.

நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற குழுவின் கதை இன்னும் மெதுவானது. ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி ஸீ’ 1998 பிப்ரவரியில் வந்தது. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்த பாதிப்பில் ஜெஃப் மேங்கம் எழுதிய பாட்டுகள். மரம் அறுக்கும் ரம்பத்தை வளைத்துப் பிடித்து வில்லால் இழைக்கும்போது எழும் அழுகைபோன்ற ஓசை அவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. ரோலிங் ஸ்டோன் மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டது, பிட்ச்ஃபோர்க் 8.7 கொடுத்தது. இரண்டும் கெட்ட மதிப்பெண் இல்லை. ஆனால் பின்னாளில் அந்த ஆல்பம் எத்தனை பேருக்கு ஒரு துணையாகப் போகிறது என்பதை இரண்டில் எதிலிருந்தும் ஊகிக்க முடியாது. மேங்கம் அந்த ஆண்டோடு மேடையைவிட்டு விலகினார். அவர் மௌனமாக இருந்த ஆண்டுகளில் ஆல்பம் நண்பரிடமிருந்து நண்பருக்குப் போய்க்கொண்டே இருந்தது. 2005இல் மறுவெளியீடு வந்தபோது பிட்ச்ஃபோர்க் 10.0 என்று திருத்தியது.

எதிர்த்திசையிலும் அவசரம் உண்டு. ஷெஃபீல்டின் ஆர்க்டிக் மங்கீஸ் குழு 2006 ஜனவரியில் டொமினோ என்ற சிறு நிறுவனம் வழியாக வெளியிட்ட முதல் ஆல்பம் முதல் வாரத்தில் 3,63,735 பிரதி விற்று, பிரிட்டனில் அதுவரை மிக வேகமாக விற்ற அறிமுக ஆல்பமானது. வெளிவந்த சூட்டோடு என்எம்இ வார இதழ் எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்கள் வரிசையில் அதை ஐந்தாவதாக வைத்தது. நல்ல ஆல்பம், அதில் ஐயமில்லை. ஆனால் சில நாள் வயதுள்ள ஒன்றைப் பீட்டில்ஸின் ஆல்பங்களோடு வரிசைப்படுத்துவது இசையைப் பற்றிய தீர்ப்பாக இருக்க முடியாது. நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை அது.

கூட்டத்தின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாட்டுகளை 14,341 பேருக்குக் கேட்கக் கொடுத்து, அதன் முடிவை 2006இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் மற்றவர்கள் எதை விரும்பினார்கள் என்று தெரியாமல் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதைக் காட்டினார்கள். 52மெட்ரோ என்ற குழுவின் ஒரு பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் அதுவே 40ஆவது. மிக நல்ல பாட்டுகள் பெரும்பாலும் அடியில் விழவில்லை, மிக மோசமானவை உச்சிக்குப் போகவில்லை. நடுவில் இருந்த எல்லாவற்றையும் யார் முதலில் கைதூக்கினார்கள் என்ற தற்செயல் உருட்டிப் போட்டது. ஒரு மாதத்தில் வெளிவரும் நூற்றுக்கணக்கான ஆல்பங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த நடுப்பகுதியில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு 9.7 அல்லது 0.0 என்பது முதலில் தூக்கிய கை.

2001இல் தொடங்கிய மெட்டாக்ரிடிக் இந்தப் பிரச்சினைக்குச் சராசரியைத் தீர்வாக வைத்தது. பல இதழ்களின் நட்சத்திரங்களையும் எழுத்துத் தரங்களையும் நூற்றுக்கு மாற்றி, சில இதழ்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து, ஒரே எண்ணாக்கித் தருகிறது. சராசரி தனிமனிதக் கோபத்தைத் தணிக்கும் என்பது நியாயமே. ஆனால் எல்லோரும் 75 கொடுத்த ஆல்பமும், பாதிப் பேர் 100, பாதிப் பேர் 50 கொடுத்த ஆல்பமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. கேட்பவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது அந்தப் பிளவுதான். அதோடு, எதை விமர்சிக்க எடுப்பது என்று இதழ்களே தேர்ந்தெடுப்பதால் மோசமான மதிப்பெண் அரிதாகி, பெரும்பாலான ஆல்பங்கள் நல்ல மதிப்பெண்ணைக் குறிக்கும் பச்சை நிறத்திலேயே நிற்கின்றன. ரசிகர் படைகளின் மிரட்டலும் சேர்ந்துகொண்டது. 2020இல் டெய்லர் ஸ்விஃப்ட், தி நேஷனல் என்ற இண்டி குழுவின் ஆரன் டெஸ்னரோடு சேர்ந்து செய்த ‘ஃபோக்லோர்’ ஆல்பத்துக்கு 8.0 கொடுத்ததற்காக விமர்சகர் ஒருவர் மிரட்டல்களைச் சந்தித்தார். பாராட்டுக்கே இந்த நிலை.

பிட்ச்ஃபோர்க் தன் பழைய தீர்ப்புகளைத் தானே மறுவிசாரணைக்கு எடுத்தது 2021 அக்டோபரில். ‘ஸ்கை ப்ளூ ஸ்கை’ 5.2இலிருந்து 8.5க்கு ஏறியது. இன்டர்போல் குழுவின் முதல் ஆல்பம் 9.5இலிருந்து 7.0க்கு இறங்கியது, அதன் ரசிகர்கள் கொதித்தார்கள். பட்டியலில் மிக அதிகமாக நகர்ந்தது பாடகி லிஸ் ஃபேரின் 2003 ஆல்பம்: 0.0இலிருந்து 6.0. மேட்டடோர் வழியாக 1993இல் வந்த அவரது முதல் ஆல்பத்தை இண்டி உலகம் தலையில் வைத்துக் கொண்டாடியிருந்தது. பத்து ஆண்டு கழித்து அவர் பாப் பாட்டு எழுத்தாளர்களோடு சேர்ந்து வானொலிக்கேற்ற ஆல்பம் செய்ததும், துரோகம் செய்தவரை நடத்துவதுபோல நடத்தினார்கள். அந்தப் பூஜ்யத்தைப் போட்ட மேட் லெமே 2019இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஒரு பெண் தன் முப்பதுகளில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை இளம் ஆண் விமர்சகர்கள் தீர்மானித்துவைத்திருந்த காலம் அது. மன்னிப்பு நேர்மையானது. ஆனால் 6.0 என்ற புதிய எண்ணைவிட, ஏன் அன்று அப்படிக் கேட்டோம் என்ற விளக்கம்தான் வாசகருக்கு உதவுகிறது.

இந்த இதழ்களுக்கும் இப்போது நாள் சரியில்லை. மெலடி மேக்கர் 2000 முடிவில் என்எம்இயோடு கரைந்தது. என்எம்இயின் வார அச்சு 2018இல் நின்றது. 2015இல் பிட்ச்ஃபோர்க்கை வாங்கிய கான்டே நாஸ்ட் நிறுவனம், 2024 ஜனவரியில் அதை ஜிக்யூ இதழின் கீழ் கொண்டுவந்து பலரை வேலையை விட்டு அனுப்பியது. இசை விமர்சனத்தின் காலம் முடிந்தது என்று இரங்கல்கள் குவிந்தன.

அடுத்த சில மாதங்களில் நடந்ததை அந்த இரங்கல்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கனடாவின் விமன் குழுவில் முன்பு பாடிய பேட்ரிக் ஃப்ளெகல், சின்டி லீ என்ற பெயரில் மார்ச் மாதத்தில் ‘டயமண்ட் ஜூபிலி’யை வெளியிட்டார். 32 பாட்டுகள், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வெளிவந்தபோது அது ஸ்பாட்டிஃபையில் இல்லை, வேறு எந்த ஸ்ட்ரீமிங் சேவையிலும் இல்லை. யூடியூபில் முழு ஆல்பமும் ஒரே நீண்ட கோப்பு. இல்லையென்றால் 1990களின் பாணியில் வடிவமைத்த ஒரு பழைய இணையப் பக்கத்திலிருந்து இறக்கிக்கொண்டு, விரும்பினால் பணம் அனுப்பலாம் என்று இருந்தது. நள்ளிரவில் தொலைதூர நிலையம் ஒன்றைப் பிடித்ததுபோலக் கிதார்கள் மங்கலாக மிதந்து வருகின்றன. அறுபதுகளின் பெண் குரல் குழுப் பாட்டுகளின் நிழல் எல்லாவற்றின் மேலும் விழுகிறது. விளம்பரமில்லை, நிறுவனமில்லை. பிட்ச்ஃபோர்க் 9.1 கொடுத்தது. 2020இல் பாடகி ஃபியோனா ஆப்பிளின் ஆல்பத்துக்கு 10.0 போட்ட பிறகு புதிய ஆல்பம் எதற்கும் அந்த இதழ் கொடுத்திராத உயரம். பயண நிகழ்ச்சிகளுக்குக் கூட்டம் நெருக்கியது. ஃப்ளெகல் மீதமிருந்த தேதிகளை ரத்து செய்தார். ஆல்பம் கனடாவின் போலாரிஸ் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது.

ஒரு விமர்சனம் இன்னும் ஆயிரக்கணக்கானவர்களை ஒரு பழைய இணையப் பக்கத்துக்கு நடத்திக் கொண்டுபோக முடிகிறது. அவர்களில் பலர் எண்ணைப் பார்த்துத்தான் வந்தார்கள். ஆனால் அங்கே ஒரு பாட்டை மட்டும் தொட்டுவிட்டு நகர வசதி குறைவு. வந்தவர் இரண்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டியிருந்தது, அல்லது விட்டுவிட வேண்டியிருந்தது.